ஹாலுக்கு வந்து சேராத ஃப்ரேம்கள்

ஸ்டோர் ரூமில் ஒரு சர்வர், அதில் லினக்ஸ்மேல் நின்று விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ். அதற்குள் விண்டோஸ் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின். கிராபிக்ஸ் கார்டை லினக்ஸ் தொடாதபடி விஎஃப்ஐஓ வழியாக அப்படியே விண்டோஸ் கையில் கொடுத்தாயிற்று. படத்தை அனுப்ப விண்டோஸில் சன்ஷைன், வாங்கிக் காட்ட ஹாலில் டிவியோடு இருக்கும் பெட்டியில் மூன்லைட். கேம் உள்ளே ஓடும், படம் ஹாலில் தெரியும், கன்ட்ரோலரில் அழுத்துவது திரும்ப உள்ளே போகும். ஏற்பாடு இவ்வளவுதான். இது சண்டித்தனம் செய்யும்போது எங்கே கைவைப்பது என்று அவ்வப்போது எழுதிவைத்தவை இவை. வரிசை பார்க்க வேண்டாம்.

*

அக்கா மகன் லீவுக்கு வந்தால் முதல் புகார் அவனிடமிருந்துதான்.

“மாமா, ஸ்டக் ஆவுது.”

“பட்டன் அழுத்துனப்புறம் லேட்டா குதிக்குதா, படமே நின்னு நின்னு போவுதா, இல்ல கட்டம் கட்டமா கலங்குதா?”

“எல்லாந்தான் மாமா.”

எல்லாமும் இருக்காது. உட்கார்ந்து பார்த்தால் ஏதாவது ஒன்றுதான் இருக்கும். தாமதமாகக் குதித்தால் டிவியையும் டீகோடரையும் பார்க்க வேண்டும். பல டிவிகளில் கேம் மோடு போடாதவரை படத்தை அழகுபடுத்துகிறேன் என்று டிவியே சில ஃப்ரேம்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்று நின்று போனால் நெட்வொர்க், அல்லது சர்வரில் சிபியுவுக்கு நடக்கும் இழுபறி. கட்டம் கட்டமாகக் கலங்கினால் பாக்கெட் தொலைகிறது, அல்லது பிட்ரேட் போதவில்லை. இதைக் கேட்டுக்கொள்ளாமல் செட்டிங்ஸைத் திருக ஆரம்பித்தால் விடிய விடியத் திருகலாம்.

*

கம்ப்யூட்டரில் ஓடும் மூன்லைட்டில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரை மூலையில் எண்கள் வரும். பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது. மீதிப் பாதி அதைத் திறந்து, மேலே இருக்கும் ‘60’ஐ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறது.

பார்க்க வேண்டியவை கீழே இருக்கின்றன. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்க வேண்டும். சர்வர் ஒரு ஃப்ரேமைப் பிடித்துச் சுருக்க எடுக்கும் நேரம் சராசரி 5, அதிகபட்சம் 9 என்றால் விர்ச்சுவல் மெஷின்மேல் குற்றமில்லை. சராசரி 6, அதிகபட்சம் 40 என்றால் இருக்கிறது. நெட்வொர்க் தாமதம் கேபிளில் 1 மில்லி நொடி, வைஃபையில் 3, 4. அது 4க்கும் 60க்கும் இடையில் குதித்துக்கொண்டிருந்தால் சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. நெட்வொர்க்கில் தொலைந்த ஃப்ரேம் சுழியம், தாமதம் 1, ஆனால் டீகோடு நேரம் 25 என்று இருந்தால் பாவம் ரூட்டரை விட்டுவிடலாம். படத்தை விரிக்கும் மெஷின்தான் திணறுகிறது.

பழைய லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும். இன்டெல்லில் எச்.265க்கு முழுமையான ஹார்டுவேர் டீகோடர் வந்தது 6ஆம் தலைமுறை ஸ்கைலேக்கில், 2015இல். 4ஆம் தலைமுறை ஐ5 மெஷினில் எச்.265 தேர்ந்தெடுத்தால் ஃபேன் கத்தும், படம் தடுமாறும். எச்.264க்கு மாற்றினால் போதும், அதே லேப்டாப் அமைதியாகிவிடும். புதிய கோடெக் என்றால் நல்ல கோடெக் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

*

1080பி படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 60 ஃப்ரேம் அனுப்பினால் ஏறத்தாழ 3 கிகாபிட். மூன்லைட் அதற்கு இயல்பாக வைத்திருக்கும் அளவு 20 மெகாபிட். நூற்றைம்பதில் ஒரு பங்கு! அந்தப் பிழிதலைச் செய்வது என்விடியா கார்டுகளில் என்வென்க் என்ற தனிப் பகுதி. கேம் வரையும் பகுதியை அது அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிடி 1030 வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: அதில் என்வென்க் கிடையாது. சுருக்கும் வேலை சிபியு தலையில் விழும். விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கியதோ சில கோர்கள்தான், அதையும் கேமோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

*

“நம்ம வீட்டுல 300 எம்பிபிஎஸ் பிளான், அப்புறமும் ஏன்?” பிளானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஃப்ரேம் ஸ்டோர் ரூமிலிருந்து ஹாலுக்குப் போகிறது, தெருவுக்குப் போவதில்லை. இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டும் விளையாடலாம். ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்பாதீர்கள்.

எடுக்க வேண்டிய டெஸ்ட் வேறு. ஐபெர்ஃப்3 என்ற சின்ன நிரலை விர்ச்சுவல் மெஷினிலும் ஹாலில் உள்ள மெஷினிலும் போட்டு, யுடிபியில், நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஓட்ட வேண்டும். டிசிபியில் ஓட்டினால் தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பிச் சரிக்கட்டிவிடும், குறை தெரியாது. வீடியோ யுடிபியில்தான் போகிறது. திசையும் முக்கியம்: விர்ச்சுவல் மெஷின் அனுப்ப வேண்டும், ஹால் வாங்க வேண்டும். பலர் தலைகீழாக ஓட்டிப் பார்த்து ‘எல்லாம் சரியாக இருக்கிறதே’ என்கிறார்கள்.

இதையே பிராக்ஸ்மாக்ஸ் ஓடும் அடி மெஷினிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அங்கிருந்து சுத்தம், விர்ச்சுவல் மெஷினிலிருந்து மட்டும் இழப்பு என்றால் சந்தேகம் விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டுமேல். அங்கே ஈ1000 என்று இருந்தால் விர்ட்டியோவுக்கு மாற்றவும். ஈ1000 என்பது பழைய இன்டெல் கார்டைப் போல நடிக்கும் மென்பொருள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த நடிப்புக்கு சிபியு செலவாகும். விர்ட்டியோவுக்கான டிரைவர் விண்டோஸோடு வராது, தனி ஐஎஸ்ஓவிலிருந்து போட வேண்டும்.

*

20 மெகாபிட் ஸ்ட்ரீம், 100 மெகாபிட் லைன். எதற்காகத் தொலைய வேண்டும்? இந்தக் கேள்வி கொஞ்சம் தோண்டிப் பார்க்கத் தக்கது.

பிட்ரேட்டை 40 என்று வைத்துக்கொள்வோம். 40 மெகாபிட்டை 60 ஃப்ரேமால் வகுத்தால் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 83 கிலோபைட். பாக்கெட்டுக்கு 1400 பைட் என்றால் 60 பாக்கெட். சன்ஷைன் அதன்மேல் இழப்பைச் சரிக்கட்ட 20 சதவீதம் கூடுதல் பாக்கெட் சேர்க்கிறது, ஆக 72. இந்த 72உம் 16.7 மில்லி நொடியில் ஒழுங்காக இடைவெளி விட்டு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ரயில்வே கேட் திறந்ததும் நின்ற வண்டியெல்லாம் ஒரே நேரத்தில் பாய்வதுபோல, ஃப்ரேம் சுருக்கி முடிந்ததும் மொத்தமாக வெளியே வரும். சர்வரிடம் இருப்பது கிகாபிட் லைன். அதில் அந்த 83 கிலோபைட் போக 0.7 மில்லி நொடிகூட ஆகாது. எதிர்ப்பக்கம் 100 மெகாபிட் லைன் என்றால் அதே சரக்கு வெளியேற 6.7 மில்லி நொடி. நடுவில் இருக்கும் ஸ்விட்ச் மீதியைத் தன் பஃபரில் வைத்துக்கொள்ள வேண்டும். மலிவு ஸ்விட்சில் பஃபர் சின்னது. காட்சி திடீரென்று மாறி ஃப்ரேம் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தால் இடம் போதாது. மிச்சம் கீழே போகும். குண்டு வெடிக்கிற இடத்தில் மட்டும் படம் கலங்குவது இதனால்தான்.

ஆக, சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவது இங்கே உதவாது.

சரி, 100 மெகாபிட் எங்கிருந்து வருகிறது? மூன்று இடம். ஒன்று, டிவி. விலை உயர்ந்த டிவிகளில்கூடப் பெரும்பாலும் லேன் போர்ட் 100 மெகாபிட்தான். இரண்டு, ஃபைபர் இணைப்போடு வீட்டுக்கு வரும் பெட்டி. அதில் நாலு போர்ட் இருக்கும், ஒன்று மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்ற மாடல்கள் நிறைய உண்டு. பார்க்க நாலும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்று, கேபிள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிரிம்ப் செய்யும்போது மற்ற நாலில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால் லைன் செத்துப்போகாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வழக்கம்போல வரும், யாருக்கும் சந்தேகம் வராது.

கேபிள் வாங்கும்போது இன்னொன்று. கேட்6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியது கடைகளில் ஏராளம். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும். விலை பாதி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

*

கேம் மெஷினை மூன்லைட் கண்டுபிடிக்கவே இல்லை என்பது முற்றிலும் வேறு கதை. இங்கே குற்றவாளி அநேகமாக விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடுதான்.

சாதாரண லினக்ஸில் லிப்விர்ட் போட்டு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கினால் அது தன்னிச்சையாக நேட்டுக்குப் பின்னால் வைத்துவிடும். விண்டோஸில் ஐபி பார்த்தால் 192.168.122 என்று தொடங்கும். வீட்டில் மற்றதெல்லாம் 192.168.1 என்று இருக்கும். உள்ளேயிருந்து வெளியே எல்லாம் போகும், பிரவுசர் ஓடும், கேம் டவுன்லோட் ஆகும். வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. மூன்லைட் தேடுவது எம்டிஎன்எஸ் மூலம். அந்தக் கூவல் ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும். பிரிட்ஜுக்கு மாற்றினால் விர்ச்சுவல் மெஷின் ரூட்டரிடமே நேராக ஐபி வாங்கிக்கொள்ளும், பிரச்சினை தீர்ந்தது.

அந்த பிரிட்ஜை வைஃபையில் போட முயல்பவர்களுக்காக: நடக்காது. வைஃபை ரூட்டர் தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும். விர்ச்சுவல் மெஷினின் மேக் வேறு. சர்வருக்கு கேபிள் கட்டாயம்.

மேக்விடேப் என்று இன்னொரு வழி உண்டு. வீட்டில் எல்லாவற்றோடும் பேசும், தான் ஓடும் அந்த சர்வரோடு மட்டும் பேசாது. அது பிழையல்ல, அமைப்பே அப்படி. பங்கிட்ட ஃபோல்டர் அந்த சர்வரில் இருந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

பிரிட்ஜும் சரி, ஐபியும் சரி, ஆனாலும் தெரியவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால். விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டை மாற்றினால் விண்டோஸுக்கு அது புதிய ஊர். ‘பப்ளிக்’ என்று முத்திரை குத்திக் கதவைச் சாத்திவிடும். ‘பிரைவேட்’ ஆக்க வேண்டும். சன்ஷைனுக்குத் திறந்திருக்க வேண்டியவை டிசிபி 47984, 47989, 48010. யுடிபி 47998 முதல் 48000 வரை. செட்டிங்ஸ் பக்கம் 47990இல். டிசிபி மட்டும் திறந்திருந்தால் இணைப்பு ஏற்படும், கேம் பட்டியல் தெரியும், படம் வராது.

*

இணைந்தது, சத்தம் வருகிறது, திரை கருப்பு.

கார்டில் மானிட்டர் இல்லை என்பது முதல் காரணம். மானிட்டர் இல்லாத கார்டில் விண்டோஸ் எதையும் வரையாது; வரையாததைப் பிடிக்க முடியாது. டம்மி பிளக் வாங்கிச் செருகலாம்: கட்டைவிரல் அளவு எச்டிஎம்ஐ முனை, உள்ளே ஒரு சின்ன சிப், கார்டிடம் ‘நான் ஒரு மானிட்டர்’ என்று பொய் சொல்வதுதான் அதன் முழுநேர வேலை. சென்னை ரிச்சி தெருவில் தேட வேண்டியதில்லை, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மென்பொருளாகவே விர்ச்சுவல் டிஸ்பிளே டிரைவரும் உண்டு. அதில் வேண்டிய ரெசல்யூஷனை நாமே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், பிராக்ஸ்மாக்ஸ் தரும் போலி விஜிஏ திரை. விண்டோஸ் கண்ணுக்கு இரண்டு மானிட்டர் தெரியும். டெஸ்க்டாப் போலியில் திறக்கும், சன்ஷைன் அசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். டிரைவர் எல்லாம் போட்டு முடித்தபின் அந்த டிஸ்பிளேயை ‘நன்’ என்று மாற்றிவிடுவது நல்லது. அதற்குமுன் மாற்றினால் உள்ளே போக வழி இருக்காது.

மூன்றாவது, ரிமோட் டெஸ்க்டாப். ஆர்டிபி வழியாக உள்ளே போய் எதையோ சரிசெய்துவிட்டு ஜன்னலை மூடுகிறோம். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் திரை. ஆர்டிபி அதை எடுத்துக்கொண்டது, அசல் திரை லாக் ஆகிக் கிடக்கிறது. கேம் மெஷினுக்கு ஆர்டிபி வைத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல். நிர்வாக வேலைக்கும் மூன்லைட்டிலேயே டெஸ்க்டாப்பைத் திறக்கலாம்.

*

வைஃபை பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஸ்ட்ரீமிங் வேண்டாம். அதே அலைவரிசையில்தான் புளூடூத் கன்ட்ரோலரும் பேசுகிறது, யுஎஸ்பி 3.0 டிரைவும் அந்தப் பக்கம் இரைச்சலைக் கிளப்பும், இன்டெல்லே 2012இல் அதை ஓர் அறிக்கையாக எழுதியிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது, ஆனால் நம் ஊர்ச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும். ரூட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் வைஃபை சரி. இல்லையென்றால் டிவி கேபிளுக்காகச் சுவருக்குள் பதித்த பைப் சும்மா கிடக்கும், அதில் கேட்6 இழுக்கலாம்.

கடிகாரம் வைத்ததுபோல ஒழுங்கான இடைவெளியில் படம் ஒரு நொடி நிற்கிறதா? அது சிக்னல் குறைவல்ல. வாங்கும் பக்க மெஷின் வேறு சேனல்களை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. மேக்புக்கில் ஏர்டிராப்புக்கான ஏடபிள்யூடிஎல் இதைச் செய்யும். மற்றவற்றில் பின்னணி வைஃபை ஸ்கேன்.

*

இதுவும் இடைவெளி விஷயம்தான், ஆனால் நெட்வொர்க்குக்குச் சம்பந்தமில்லாதது. டம்மி பிளக் 60 ஹெர்ட்ஸ், டிவி 59.94 ஹெர்ட்ஸ். வித்தியாசம் நொடிக்கு 0.06 ஃப்ரேம். 16.7 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் மிஞ்சும், மூன்லைட் அதைத் தூக்கிப் போட்டுவிடும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் ஒரு சின்ன உதறல். வாட்சை வைத்துப் பார்த்து 16, 17 நொடி என்றால் இதுவேதான். இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக்கினால் போய்விடும்.

*

விர்ச்சுவல் மெஷின் உண்மையிலேயே தவறு செய்யும் இடம் சிபியு. சர்வரில் 8 கோர் இருக்கிறது, எட்டையும் விண்டோஸுக்குக் கொடுத்தால் வேகமாக ஓடும் என்று தோன்றும். ஓடாது. அடியில் இருக்கும் லினக்ஸுக்கும் நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் கைமாற்றுவது, டிஸ்க்கைப் படிப்பது என்று வேலை இருக்கிறது. கோர் கிடைக்காமல் அது காத்திருந்தால் விண்டோஸும் சேர்ந்து காத்திருக்கும். இரண்டு கோரை லினக்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, மீதி ஆறில் விர்ச்சுவல் கோர்களைத் தனித்தனியாகக் கட்டிப்போட்டால் சராசரி வேகம் கூடாது, அந்த ‘அதிகபட்சம் 40’ காணாமல் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான். சிபியு வகை ‘ஹோஸ்ட்’ என்று இருக்கிறதா என்றும் பார்க்கவும். அதே சர்வரில் சினிமா கன்வர்ட் செய்வது, பேக்கப் எடுப்பது போன்ற வேலைகளை விளையாடாத நேரத்துக்குத் தள்ளவும்.

கார்டு 100 சதவீதத்தில் ஓடினாலும் இதே தொல்லை வரும். பிடிப்பதற்கும் சுருக்குவதற்கும் கார்டில் கொஞ்சம் நேரம் வேண்டும். கேமே அத்தனையையும் தின்றால் ஃப்ரேம்கள் வரிசையில் நிற்கும். கேமை 60க்குக் கட்டுப்படுத்தவும். 110 ஃப்ரேம் வரைந்து 60ஐ அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை.

இந்த விவகாரத்தில் யார் குற்றவாளி என்று தீர்மானிக்க எளிய வழி: ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் சர்வரில் உள்ள கார்டிலேயே செருகி விளையாடிப் பார்ப்பது. அங்கேயும் உதறினால் விர்ச்சுவல் மெஷின். அங்கே வழவழவென்று ஓடினால் இனி விர்ச்சுவல் மெஷின் செட்டிங்ஸைத் தொடாதீர்கள்.

*

சில்லறை.

சத்தம் கரகரவென்றால் கார்டின் ஆடியோ பகுதிக்கு எம்எஸ்ஐ குறுக்கீடு முறையை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இயக்கிப் பார்க்கவும். சத்தமே இல்லையென்றால் கார்டின் 00.0 மட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குப் போயிருக்கும், ஆடியோவான 00.1 வெளியே நிற்கும்.

விர்ச்சுவல் மெஷினில் ஸ்லீப்பை அணைத்துவிட வேண்டும். தூங்கினால் மூன்லைட் எழுப்ப முடியாது. எழுப்பும் பாக்கெட்டைக் கேட்க அங்கே நிஜமான நெட்வொர்க் கார்டு இல்லை.

ஏஎம்டியின் சில பழைய கார்டுகள், போலாரிஸ், வேகா, முதல் நாவி வரிசை, விர்ச்சுவல் மெஷினை நிறுத்தி மறுபடி ஓட்டும்போது ரீசெட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். வென்டார்-ரீசெட் மாட்யூல் சிலவற்றுக்கு உதவும். இல்லையேல் சர்வரையே ரீபூட் செய்ய வேண்டும்.

*

பழைய வழிகாட்டிகளைப் படிக்கும்போது தேதி பார்க்கவும். ‘பிழை 43’ஐ ஏமாற்ற விர்ச்சுவல் மெஷின் என்பதையே டிரைவரிடமிருந்து மறைக்கும் தந்திரங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஜிஃபோர்ஸ் கார்டை விர்ச்சுவல் மெஷினில் பார்த்தால் என்விடியா டிரைவர் ஓட மறுத்த காலம் அது. 2021இல் 465 வரிசை டிரைவரோடு என்விடியாவே அந்தத் தடையை எடுத்துவிட்டது. அதேபோல ‘ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸில் கேம்ஸ்ட்ரீமை இயக்கவும்’ என்று தொடங்கும் குறிப்புகளும் காலாவதி. 2023 பிப்ரவரியில் தொடங்கி அந்த வசதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் 2013இல் லைம்லைட் என்று தொடங்கியதுதான் இன்றைய மூன்லைட். அது பேசிக்கொண்டிருந்த எதிர்முனையான கேம்ஸ்ட்ரீம் போனபின் அந்த இடத்தில் சன்ஷைன் நிற்கிறது. கம்பெனி கைவிட்டதை ஓப்பன் சோர்ஸ்காரர்கள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள், இலவசமாக.

*

இத்தனையும் கட்டி முடித்தபின் அக்கா மகன் வாலரன்ட் கேட்டான். அது விர்ச்சுவல் மெஷினில் திறக்காது. அதன் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல் விர்ச்சுவல் மெஷினைக் கண்டால் விடாது. ஆன்லைன் போட்டி கேம்களில் இன்னும் சிலவும் அப்படியே. ஏமாற்றி உள்ளே விடும் வழிகளைத் தேடாதீர்கள், அக்கவுண்ட் போய்விடும். உங்கள் வீட்டில் விளையாடுவது பெரும்பாலும் அந்த வகை என்றால் விர்ச்சுவல் மெஷினே வேண்டாம்: ஒரு டிஸ்கில் விண்டோஸை நேராகப் போட்டு, அதில் சன்ஷைன் போடுங்கள். மேலே எழுதியதில் கேபிள், டம்மி பிளக், 59.94 மூன்றும் அங்கேயும் தேவைப்படும்.